செவிக்கு ஒன்று, கருத்துக்கு இரண்டு

மொழி கற்பவனை இடறச் செய்வன அரிய சொற்கள் அல்ல. அரிய சொல்லைக் கண்டால் அவன் அகராதியை நாடிவிடுவான். தெரிந்த சொல்லைப் போல ஒலித்து, உள்ளே வேறொரு பொருளை வைத்திருக்கும் சொல்லே அவனை ஏமாற்றும். தமிழில் அரமும் அறமும் அப்படிப்பட்டவை. அரபியில் இதயமும் ‘கல்பு’, நாயும் ‘கல்பு’ என்றே தமிழெழுத்தில் அமையும். முதலெழுத்து காஃபா, காஃபா என்பதை நாவின் அடி அறியும், தமிழெழுத்து அறியாது.

ஆங்கிலத்தில் இத்தகைய இரட்டைச் சொற்கள் ஏராளம். நம் பிள்ளைகள் அவற்றைப் பட்டியலிட்டு உருப்போடுகின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஆங்கிலத்திற்கு நேரம் போதவில்லையென மாலை மதரஸாவை நிறுத்திவிடும் பெற்றோரும் உளர். முறையாக ஓதிய பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பதில் இரு துணைகள் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று, பழகிய செவி. மற்றொன்று, சொல்லின் வேரைத் தேடும் பழக்கம்.

முதலில் செவியைக் காண்போம். விலையும் ‘பிரைஸ்’, பரிசும் ‘பிரைஸ்’ என்றே நாம் சொல்கிறோம். ஆங்கிலேயர் நாவில் இவை இரண்டும் ஒன்றல்ல. விலையைக் குறிக்கும் சொல் ‘ஸலாம்’ என்பதன் முதலெழுத்தாகிய ஸீனின் ஒலியில் முடியும். பரிசைக் குறிக்கும் சொல் ‘ஜகாத்’ என்பதன் அரபி முதலெழுத்தின் ஒலியில், அதிர்வோடு முடியும். தளர்ந்தது என்னும் பொருள் தரும் ‘லூஸ்’ ஸீனில் முடிய, இழத்தல் என்னும் பொருள் தரும் ‘லூஸ்’ ஜகாத்தின் எழுத்தில் முடியும். அறிவுரை என்னும் ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல், அதாவது இஸ்மு, அது ஸீன். அறிவுரை கூறு என்னும் ‘அட்வைஸ்’ வினைச்சொல், ஃபிஃலு. அதில் அதிர்வு வரும். எழுத்துகள் பிறக்குமிடங்களைப் பதினேழு என வகுத்துப் பயின்ற மாணவனுக்கு இது கடினமாகுமா?

ஆயினும் செவி கைவிடும் இடங்களும் உண்டு. இறைச்சியும் ‘மீட்’, சந்திப்பதும் ‘மீட்’. இவற்றில் எள்ளளவும் ஒலி வேறுபாடில்லை. முன்னாளில் இருந்தது. 1476-இல் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு வளர வளர எழுத்துக்கூட்டல் நிலைத்தது. மக்களின் நாவோ மாறிக்கொண்டே சென்றது. வீரப்பட்டம் பெற்றவரைக் குறிக்கும் ‘நைட்’ என்னும் சொல்லின் முன்னே இன்று ஊமையாய் நிற்கும் ‘கே’ எழுத்தும் ஒருகாலத்தில் ஒலித்ததே. எழுத்தில் நின்று ஒலியில் மறையும் அலிஃபைக் கண்டு பழகிய பிள்ளைகள் இதற்கு வியக்கமாட்டார்கள்.

இத்தகைய இடங்களில் வேரே வழிகாட்டி. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், கல்லூரி முதல்வரும் பிரின்சிபல், கொள்கையும் பிரின்சிபிள். காதில் ஒன்றாகத்தானே விழுகின்றன?” என்றார். “கடன் கொடுத்தவர் வட்டியை விடுத்துத் திரும்பப் பெறும் தொகைக்கு என்ன பெயர்?” என்று கேட்டோம். “முதல்” என்றார். ஆங்கிலத்தில் அதுவும் பிரின்சிபலே. கல்லூரிக்கு முதல்வர், கடனுக்கு முதல். தலைமையானது எதுவோ அதற்குரிய சொல் அது, ‘ஏ, எல்’ என்று முடியும். அரபியிலும் முதலீட்டுக்கு ‘ரஃஸுல் மால்’, செல்வத்தின் தலை, என்றே பெயர். அல்பகரா அத்தியாயத்தின் வட்டி பற்றிய வசனங்களிலும் இந்தச் சொல்லமைப்பே வந்துள்ளது. கொள்கையைக் குறிக்கும் சொல்லோ, தொடக்கம், அடிப்படை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘எல், ஈ’ என்று முடியும். “அப்படியானால், பிரின்சிபலை மட்டும் பெற்றுக்கொள்வது நம் பிரின்சிபிள்” என்றார் அம்மாணவர். அவருக்கு இனி அந்த ஐயம் எழாது.

‘ஸ்டேஷனரி’யும் அவ்வாறே. அசையாது நிற்பதைக் குறிப்பது ‘ஏ’ உடையது. தாளும் மையும் எழுதுகோலும் ஆகிய பொருள்களைக் குறிப்பது ‘ஈ’ உடையது. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராய்ச் சுமந்து விற்ற வணிகரினின்று வேறாக, ஓரிடத்தில் நிலையாய்க் கடையிட்டு நூல் விற்றவர் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டார். இலண்டனில் அவர்தம் சங்கம் 1403-இல் தோன்றியது. அவர் விற்ற பொருளுக்கு அவர் பெயரே நிலைத்தது. நின்றவரிடமிருந்தே பிறந்த சொல்லாதலின் இரண்டும் ஓரொலி பெற்றன. ‘பேப்பர்’ என்னும் சொல் ‘ஈ, ஆர்’ என முடிவதை நினைவிற் கொண்டால் எழுத்தும் தவறாது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளிடம் பட்டியலை நீட்டாதீர்கள். நாளுக்கு ஓர் இணை போதும். அதை முதலில் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். வேறுபாடு செவிக்கு எட்டுகிறதா எனக் கேளுங்கள். எட்டாவிடில் அகராதியைத் திறந்து, அச்சொல் எங்கிருந்து வந்தது எனப் பார்க்கச் சொல்லுங்கள். மதரஸாவில் நாவையும் வேரையும் பழகிய பிள்ளையை அங்கிருந்து நிறுத்துவதால் ஆங்கிலம் வளர்ந்துவிடாது. கையில் இருந்த இரு கருவிகளே குறையும்.