ஊத்துக்கோட்டையில் உடைந்த பட்டை!

"ஊத்துக்கோட்டையா? அங்க என்னடா இருக்கு?" - செமஸ்டர் லீவுக்குப் பெட்டி கட்டும்போது ரூம்மேட் கேட்ட கேள்வி. சித்தப்பாவோட சா மில் இருக்கு மச்சி, வேறென்ன!

ரெட்ஹில்ஸ், பெரியபாளையம் தாண்டி பஸ் போய் நிற்கிற எல்லை ஊர் இது. ஒரு கடையில் தமிழ், பக்கத்துக் கடையில் தெலுங்கு. நாகலாபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா, சுருட்டப்பள்ளி. லிங்கமாக இல்லாமல், சிவன் படுத்தபடி இருக்கிற கோயில் அங்கேதான். கண்டலேறில் கிளம்பி 152 கிலோமீட்டர் கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட்டும் இந்த ஊர்ப் பக்கம்தான். சென்னையில் குழாயைத் திறக்கிற யாரும் ஊத்துக்கோட்டையை நினைப்பதில்லை, அது வேற சோகம்.

மில்லுக்கு வருவோம். ஆளுயரத்தைத் தாண்டும் பேண்ட் சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், ரெண்டும் 36 இன்ச். அவற்றைச் சுற்றி பெல்ட் மாதிரி ஓடும் இரும்புப் பட்டையின் ஒரு ஓரம் முழுக்கப் பல். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்குப் போகும் பேலட் பலகைதான் பெரும்பாலும் அறுபடுகிறது.

"பாரிமுனை போய் புதுப் பட்டை ஒண்ணு வாங்கிட்டு வா. 20 கேஜ்" என்றார் சித்தப்பா. கடையில் 18 கேஜும் இருந்தது. கேஜில் நம்பர் குறையக் குறைய தடிமன் கூடும். 20 என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 என்றால் 1.2. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் ஆச்சே! தடியா இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்னு 18-ஐ வாங்கி வந்துவிட்டேன். மேஸ்திரி அண்ணன் அதை விரலால் வளைத்துப் பார்த்து, "இது நம்ம சக்கரத்துக்கு ஆகாதே தம்பி" என்றார். "இல்லண்ணே, இதுதான் உழைக்கும்" என்றேன். சித்தப்பா படித்த பிள்ளையை நம்பினார்.

பதினோராவது நாள் காலை... டமார்! மூடி போட்டிருந்ததால் பட்டை உள்ளேயே சுருண்டு விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் என் கை நடுங்கியது நிற்க வெகு நேரம் ஆனது. அஞ்சு பேருக்கு அரை நாள் வேலை போச்சு. லோடும் லேட்.

மேஸ்திரி அண்ணன் திட்டவே இல்லை. உடைந்த பட்டையை வெயிலில் பிடித்துக் காட்டினார். நாலைந்து பல்லுக்கு அடியில் தலைமுடி மாதிரி வெடிப்பு. "வளைஞ்சு வளைஞ்சுதானே சுத்துது. தடிப் பட்டை வளையறதுக்கு அழும் தம்பி!"

அப்போதுதான் உறைத்தது. எம் பை ஐ, சிக்மா பை ஒய், ஈ பை ஆர்... ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே ஃபார்முலா! வளைவால் வரும் ஸ்ட்ரெஸ், தடிமனைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்ததைப் பொறுத்தது. நான் வாங்கினதில் அது மூணில் ஒரு பங்கு அதிகம். சக்கரம் நிமிஷத்துக்கு 600 சுற்று, பட்டை நீளம் ஆறரை மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பட்டையின் ஒவ்வொரு இடமும் மணிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. இரும்பா இருந்தா என்ன, களைக்காதா?

பட்டறைகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சக்கரத்தின் விட்டத்தை ஆயிரத்தால் வகு, அதற்கு மேல் தடிமன் போகாதே. 36 இன்ச் சக்கரம் என்றால் 914 மில்லி, அதாவது 0.9. அதே 20 கேஜ்! 18 கேஜ் வேண்டுமென்றால் 48 இன்ச் சக்கரம் வேண்டும். இது ஊத்துக்கோட்டைப் பிரச்னை மட்டும் இல்லை. 1809-லேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி பேண்ட் சாவுக்கு பேடன்ட் வாங்கிவிட்டார். ஆனால் வளைந்து வளைந்து பட்டையோ அதன் ஒட்டோ விட்டுப்போனதால் கிட்டத்தட்ட 40 வருஷம் அது ஒழுங்காக ஓடவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பின் என்ற பெண்தான் பட்டையைப் பற்றவைக்க நல்ல வழி கண்டுபிடித்து 1846-ல் பேடன்டுக்கு விண்ணப்பித்தார். எங்க சிலபஸில் இந்த அம்மா பேரே இல்லை!

"அப்போ இன்னும் மெல்லிசா, 22 கேஜ் போட்டா?" என்று கேட்டேன். ஆசை எல்லாருக்கும் வரும். பல்லை இரண்டு பக்கமும் லேசாக விரித்து செட் எடுப்பதால், பட்டையைப் போல சுமார் இரண்டு மடங்கு அகலத்துக்கு மரம் தூளாகிறது. 20 கேஜில் பத்து தடவை அறுத்தால் கிட்டத்தட்ட முக்கால் இன்ச் பலகை ஒன்று தூளாகப் போச்சு. மெல்லிய பட்டை என்றால் அந்த நஷ்டம் குறையும். "மா மரத்துக்கு ஓடும். புளிய மரத்தைக் கொடுத்துப் பாரு, பட்டை நெளியும், பலகை அலை அலையா வரும்" என்று சிரித்தார் அண்ணன்.

சாயங்காலம் பழைய 20 கேஜுக்கே சாணை பிடித்து மாட்டினார்கள். மறுநாள் புதுப் பட்டை வாங்க பாரிமுனைக்கு ஆள் கிளம்பியது. நானும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். சித்தப்பா பணத்தை மேஸ்திரி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ போய் அந்த மரத்தூளை அள்ளு!"