85 நாள், ஏழு மீட்டர் வண்டி

ஒரு வாரமா நம்ம கோயில் புலனக் குழுவுல ஓடுற பேச்சுக்கெல்லாம் ஒரே பதிவா பதில் சொல்லிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். ஆமா, உண்மைதான். கார்த்திகை தீபம் முடிஞ்ச கையோட, டிசம்பர் 5 ராத்திரி, நானும் எங்க வீட்டுக்காரரும் ஜெர்மனிக்குக் கிளம்புறோம். அங்க ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, பிப்ரவரி 28 வரைக்கும் ஐரோப்பாவுல ஓட்டப் போறோம். டூர் குரூப் இல்லை. ஏஜென்ட் இல்லை. பனிக்காலத்துல. இல்லைங்க அண்ணே, எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கலை.

மோட்டார்ஹோம்னா என்னன்னு கேட்டவங்களுக்கு: வேனுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒண்ணு. முன்னாடி ஸ்டியரிங், பின்னாடி கட்டில், நடுவுல ரெண்டு அடுப்பு, ஒரு ஐஸ்பெட்டி, நின்னுக்கிட்டே குளிக்கிற அளவுக்கு ஒரு குளியலறை. நாங்க எடுக்கிறது கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் உயரம். என் மைவி நாலு மீட்டர் கூட இல்லை.

இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியும். 34 வருசம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டினவர். கோலாலம்பூர் – சிங்கப்பூர், கோலாலம்பூர் – கோத்தா பாரு, பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். அவர் வாழ்க்கை முழுக்க மத்தவங்க போக வேண்டிய ஊருக்குத்தான் ஓட்டியிருக்காரு. இறக்கி விட்டுட்டு, டிப்போவுல தூங்கி, திரும்பி வருவாரு. ரிட்டையர் ஆன பிறகும் ஆள் இல்லைன்னு கூப்பிட்டா இந்த ஜூன் வரைக்கும் போயிட்டுதான் இருந்தாரு. பனியில ஒரு தடவை ஓட்டணும்னு அவருக்கு ஆசை. பழைய தினசரி காலண்டர்ல வந்த ஒரு ஆல்ப்ஸ் மலைப் படத்தை வெட்டி அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருந்தாரு. பிள்ளைங்க சின்னதா இருந்தப்போ ஒட்டினது. அலமாரியை மாத்திட்டோம், படத்தை மாத்தலை.

கோடையில போகலாமேன்னு கேட்காதவங்க இல்லை. கோடையில பனி ஏது? இன்னொண்ணு காசு. நாங்க பார்த்த வண்டிக்கு ஜூலை வாடகையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் டிசம்பர்ல கேட்டாங்க. இபிஎஃப் பணத்துல போறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம். நம்ம மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஷெங்கன் நாடுகள் எல்லாத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் அதுல 90 நாள் இருக்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா 90 இல்லை, இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. இறங்குற நாளும் கிளம்புற நாளும் கணக்குல சேரும். 2025 அக்டோபர் 12-லிருந்து முத்திரைக்குப் பதிலா கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில பதியுற முறையைப் படிப்படியா கொண்டு வந்தாங்க. ஒரு நாள் கூடினாலும் மெஷினுக்குத் தெரிஞ்சிடும். அதனால அஞ்சு நாள் மிச்சம் வச்சு 85.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இவருக்கு 64 வயசு, சர்க்கரை இருக்கு, ரெண்டு வருசமா இன்சுலின். கிளினிக்கில டாக்டர் கிட்ட இந்தப் பயணத்தைப் பத்திச் சொன்னப்போ, அவங்க போகக்கூடாதுன்னு சொல்வாங்கன்னு நான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் விரும்பினேன்னு கூட வச்சுக்குங்க. அவங்க எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துட்டு, "அங்கிள், போறதுன்னா இப்பவே போங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆன்டி, நீங்களும் ஓட்டணும். ரெண்டாவது டிரைவர் இல்லாம அனுப்ப மாட்டேன்"ன்னாங்க.

அதுவரைக்கும் இது அவரோட பயணம். நான் கூடப் போறவ. 36 வருசம் வீட்டு அடுப்பு, 11 வருசமா வெள்ளிக்கிழமை அன்னதான அடுப்பு, இப்போ சக்கரம் வச்ச அடுப்பு ஒண்ணு, அவ்வளவுதான்னு நினைச்சிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில எல்லாம் மாறிப் போச்சு. கார் பார்க்கல இருந்து வீடு வரைக்கும் நான் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்: "நான் ஓட்டுறதா இருந்தா, நீங்க சமைக்கணும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, நான் சமையல் பக்கம் வரவே மாட்டேன்." அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ரசத்துக்குப் புளி எவ்வளவு?"ன்னு கேட்டாரு. ரெண்டு மாசமா எங்க வீட்டுல ராத்திரி ரசம்தான். முதல் ரெண்டு வாரம் சொல்ற மாதிரி இல்லை. இப்போ நல்லாவே வைக்கிறாரு, பெருங்காயம்தான் கொஞ்சம் தாராளம்.

சாலைப் போக்குவரத்து இலாகாவுல ரெண்டு பேருக்கும் அனைத்துலக லைசன்ஸ் எடுத்தோம். வண்டியை ஆட்டோ கியரா புக் பண்ணினோம், எனக்காக. எடை 3,500 கிலோவுக்குள்ள. ஐரோப்பாவுல சாதாரண கார் லைசன்ஸுக்கு அதுதான் வரம்பு. அந்த எடையில வண்டி மட்டும் இல்லை, நாங்க, துணிமணி, தண்ணி, கேஸ் எல்லாம் சேர்த்தி. நூறு லிட்டர் தண்ணி ரொப்பினா நூறு கிலோ. அதனால சின்ன கிரைண்டர் கூட வரலை. மாவு அரைக்காம 85 நாள். இதை நம்பாதவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும்.

பயிற்சிக்கு என் தம்பியோட பெரிய வேனை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில புலாவ் இண்டா பக்கம் போவோம். கிடங்குங்க இருக்கிற அகலமான ரோடு, ஆள் நடமாட்டம் இருக்காது. பின்னாடி பார்க்காம கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டேன். இவர் பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணும் சொல்லாம இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே ஒரு பாடம் திரும்பத் திரும்பச் சொன்னாரு: "நீளத்தை எல்லாரும் ஞாபகம் வச்சுக்குவாங்க, உயரத்தை மறந்துடுவாங்க." பார்க்கிங் வாசல்ல ரெண்டு மீட்டர்ல ஒரு கம்பி தொங்கினா போதும், கூரை போயிடும். ஒரு அட்டையில பெருசா 2.9-ன்னு எழுதி வச்சிருக்காரு, ஸ்டியரிங் பக்கத்துல ஒட்ட. ஆனா அங்க வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம். அதுக்கு நான் பயப்படுறதை விட இவர்தான் ஜாஸ்தி பயப்படுறாரு. எனக்கு மறக்கிறதுக்குக் கொஞ்சம்தான் இருக்கு, அவருக்கு 34 வருசம் இருக்கு.

குளிரைப் பத்திக் கேட்டவங்களுக்கு. நாங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுல இருந்து சொல்றேன், யாருக்காவது உதவும்.

கேஸ்ல பியூட்டேன், புரொபேன்னு ரெண்டு இருக்கு. பியூட்டேன் சுழியம் டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாகாம சிலிண்டருக்குள்ளேயே உட்கார்ந்துக்கும். புரொபேன் மைனஸ் 42 வரைக்கும் வேலை செய்யும். அதனால குளிர்காலத்துல புரொபேன்தான். ஹீட்டரும் அந்த கேஸ்லதான் ஓடும்; கடுங்குளிர்ல 11 கிலோ சிலிண்டர் மூணு நாலு நாள்தான் வருதாம். ஜெர்மன் சிலிண்டரை பிரான்ஸ்ல மாத்திக்க முடியாது, வாயே வேற. தண்ணித் தொட்டி வண்டிக்குள்ள, சூடான இடத்துல இருக்கிற வண்டியாப் பார்க்கணும். பல வண்டிகள்ல தண்ணி சூடாக்குற பாய்லர்ல ஒரு வால்வு இருக்கும். உறைஞ்சு வெடிச்சிடக்கூடாதுன்னு, 3 டிகிரி பக்கம் இறங்கினா தானா திறந்து அதுல இருக்கிற தண்ணியைக் கீழே கொட்டிடும். ராத்திரி ஹீட்டர் நின்னா காலையில பல் விளக்கக்கூட சுடுதண்ணி இருக்காது. வண்டி நிறுத்துற இடங்கள்ல குழாயைக் குளிர்காலத்துல மூடிடுறதும் உண்டு.

டயர் விஷயத்துல ஜெர்மனியில சட்டமே இருக்கு. பனி படிஞ்ச ரோட்டுல ஓட்டணும்னா, மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் போட்ட அடையாளம் டயர்ல இருக்கணும். 2024 அக்டோபர்ல இருந்து அது இல்லாத டயர் குளிர்கால டயர்னு கணக்குல வராது. டீசலும் அப்படித்தான். குளிர்காலத்துல ஜெர்மனியில விக்கிற டீசல் மைனஸ் 20 வரைக்கும் தாங்கும். தெற்க, வெதுவெதுப்பான ஊர்ல ரொப்பின டீசலோட மலை ஏறினா அது மெழுகு மாதிரி கட்டிக்கலாம். இதைப் படிச்சப்போ இவர் முகத்தைப் பார்க்கணுமே. டீசல்ல தனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கேன்னு அவ்வளவு சந்தோசம்.

இன்சுலினுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். நம்ம ஊர்ல சூட்டுல இருந்து அதைக் காப்பாத்துவோம். அங்க தலைகீழ். ஒரு தடவை உறைஞ்சு போனா அவ்வளவுதான், திரும்ப உருகினாலும் குத்தக்கூடாது. விமானத்துல கைப்பையிலதான் கொண்டு போகணும், டாக்டர் கடிதத்தோட. வண்டியில ஐஸ்பெட்டிக்குள்ள உறைபெட்டிப் பக்கம் வைக்கக்கூடாது. வெளிச்சுவரை ஒட்டின அலமாரியிலயும் வைக்கக்கூடாது. ஒரு சின்ன வெப்பமானி வாங்கி நம்ம வீட்டு ஐஸ்பெட்டியிலேயே ஒரு மாசம் வச்சுப் பழகிட்டேன். ஓட்டுறதுக்கு முன்னாடி இவர் சர்க்கரை பார்க்கணும், அப்புறம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை. 5-க்குக் கீழ இருந்தா சாவி என் கையில. இது டாக்டர் போட்ட கண்டிஷன், நான் போட்டது இல்லை.

சாப்பாட்டுச் சாமான் விஷயம் கேட்டா சிரிப்பீங்க. பால் பொருள் எதுவும் வெளியில இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள கொண்டு போகக்கூடாது, அதனால நெய் கிடையாது. கறிவேப்பிலையும் கிடையாது. பழம் காய்கறிக்குத் தாவர நலச் சான்றிதழ் வேணும். அது இல்லாம அனுமதிக்கிறது அஞ்சே அஞ்சுதான்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான். டுரியான்! கறிவேப்பிலையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு டுரியானை உள்ள விடுறாங்க. விமானத்துல யார் விடுவாங்கன்னு சட்டம் எழுதினவங்க யோசிக்கலை போல.

வழி இதுதான். ஃபிராங்க்ஃபர்ட்ல வண்டி எடுத்து, முதல்ல வடக்க ஹாம் ஊருக்கு. அங்க இலங்கைத் தமிழர்கள் கட்டி 2002-ல குடமுழுக்கு செஞ்ச காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. ஒரு கும்பிடு போட்டுட்டு, தெற்க ஆல்ப்ஸ் அடிவாரத்துல ஆல்கோய் பகுதிக்கு, பனிக்கு. இவரோட காலண்டர் படத்துக்குப் பத்து நாள் கொடுத்திருக்கேன். அப்புறம் பிரான்ஸ், ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா இறங்கி ஸ்பெயின். பிப்ரவரி 1 தைப்பூசத்தன்னிக்கு அல்மேரியா கடற்கரைப் பக்கம் இருப்போம். 11 வருசத்துல முதல் தடவையா அன்னிக்கு நான் ஆயிரம் பேருக்குச் சமைக்க மாட்டேன். அதை நினைச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்கு, மறைக்கலை.

ஆனா எனக்கு உண்மையிலேயே பயம் எதுன்னு நேத்து மருமக கேட்டா. பனியும் இல்லை, ரோடும் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்ல டிசம்பர் கடைசியில காலை எட்டேகாலுக்கு மேலதான் சூரியன் உதிக்கும், சாயங்காலம் நாலரைக்குள்ள போயிடும். நமக்கு வருசம் முழுக்க ஏழுக்கு ஏழு. அங்க பதினாறு மணி நேரம் இருட்டு. அந்த இருட்டுல, ஏழு மீட்டர் வண்டிக்குள்ள, நாங்க ரெண்டே பேர். ராத்திரி ஓட்டம் ஓடினவருக்குப் பொண்டாட்டியா இருந்தவங்களுக்குத் தெரியும். அவர் வரும்போது பிள்ளைங்க பள்ளிக்கூடம் கிளம்பும். நான் வேலை முடிஞ்சு வரும்போது அவர் கிளம்புவாரு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணமாகி 36 வருசத்துல, தொடர்ந்து 85 நாள் நாங்க ஒண்ணா இருந்ததே இல்லை. பேசி முடிச்சிடுவோமா, இல்லை பேசவே ஆரம்பிக்க மாட்டோமான்னு தெரியலை. இதை நான் அவர் கிட்டயும் சொன்னேன். "சீட்டுக்கட்டு எடுத்து வைக்கிறேன்"ன்னாரு. கொஞ்சம் கழிச்சு வந்து, "எனக்கும் அதே யோசனைதான்ம்மா"ன்னாரு.

பெட்டி கட்டியாச்சு. சீட்டுக்கட்டு இருக்கு. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணும் வாங்கிப் போட்டிருக்கேன், மூடின வண்டிக்குள்ள கேஸ் ஹீட்டர் ஓடும்போது அது கட்டாயம் வேணும். எவ்வளவு குளிர்னாலும் தினமும் ஜன்னலைத் திறந்து காத்து விடணுமாம், இல்லைன்னா நாம விடுற மூச்சும் ரசத்து ஆவியும் சுவர்ல தண்ணியா இறங்கிப் பூசணம் பிடிக்கும்.

சமையல் கூடத்துக்குச் சில விஷயம்: ஸ்டோர் சாவி மங்கை அக்கா கிட்ட இருக்கு. சாம்பார்ப் பொடி மார்ச் வரைக்கும் காணும். பெரிய அண்டாவோட ஒரு கைப்பிடி லூசா இருக்கு, தூக்கும்போது பார்த்துத் தூக்குங்க. பங்குனி உத்திரத்துக்கு நான் வந்துடுவேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஜெர்மனி நம்மளை விட ஏழு மணி நேரம் பின்னாடி. நீங்க காலை ஆறு மணிக்குக் குழுவுல போடுற "இனிய காலை வணக்கம்" பூப் படமெல்லாம் எங்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வந்து விழும். அடுத்த நாள் ஓட்ட வேண்டிய டிரைவர் அப்போ தூங்கிக்கிட்டு இருப்பாங்க. மதியத்துக்கு மேல அனுப்புங்க, பதில் போடுறேன்.