ஏரி இல்லை, டேமு

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் தண்ணீருக்கு ஊர்ப்பெயர் உண்டு. ஆத்தூர்த் தண்ணி, பேரணைத் தண்ணி, காவிரித் தண்ணி. அம்மா ஒரு மடக்கு குடித்துப் பார்த்து இன்னது என்று சொல்லிவிடுவார். ஆத்தூர்த் தண்ணி வருகிற நாளில் குடங்களைப் புளி போட்டு விளக்கி வைத்துக் காத்திருப்பார். மற்ற தண்ணீர் வந்தால் முகம் கொஞ்சம் சுருங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது அவருக்குப் பெரிய வித்தியாசம்.

நாற்பது வருஷமாக ஆத்தூர்த் தண்ணியைக் குடித்த நான், அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. போக வைத்தவன் அக்கா மகன். சென்னையிலிருந்து தோளில் ஒரு கூடாரமும் கழுத்தில் பைனாகுலருமாக வந்து இறங்கினான். "மாமா, உங்க ஊர்ப்பக்கம் நானூறு ஏக்கர்ல ஒரு இயற்கை ஏரி இருக்காமே, மலையடிவாரத்துல. டெண்ட் போடலாம், மலை ஏறலாம், பறவை பாக்கலாம்னு போட்டிருக்கான். நீங்க போனதே இல்லையா?" என்றான். இயற்கை ஏரி என்ற சொல் என்னை உறுத்தியது. எங்கள் பக்கத்தில் குளம் உண்டு, கண்மாய் உண்டு. ஏரி என்பது வடக்கத்தி மாவட்டங்களின் சொல். இந்தப் பக்கம் ஏரி என்றால் கொடைக்கானல் ஒன்றுதான் நினைவுக்கு வரும்.

சின்னாளபட்டி தாண்டி, செம்பட்டியில் டீ குடித்து, மேற்கே திரும்பி ஆத்தூர் போய்ச் சேர்ந்தோம். காந்திகிராமம் இருக்கும் அதே வட்டாரம்.    ஊரிலிருந்து அணைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். தென்னையும் வாழையும் ஓயும் இடத்தில் மலை எழும்பி நின்றது.

கரையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "அய்யா, ஏரிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டேன்.

"ஏரியா? இங்கிட்டு ஏரி ஏதும் இல்லீங்களே. டேமு வேணா இருக்கு, இந்தா."

அந்த ஒரு பதிலில் என் சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்காக அடுத்த மூன்று நாள் அலைந்தேன்.

பெயர்ப்பலகையில் இருப்பது காமராஜர் நீர்த்தேக்கம். காமராஜ் சாகர் என்று சொல்லித் தேடினால் ஊட்டிப் பக்கத்து அணை முன்னால் வந்து நிற்கும். அதே பெயரில் நீலகிரியிலும் ஒன்று உண்டு. ஆத்தூர் அணையின் முழு மட்டம் 23.5 அடி. மேட்டூரையும் வைகையையும் பார்த்த கண்ணுக்கு இது ஒரு திண்ணை உயரம். ஆனால் மலை மூன்று பக்கமும் கை கோத்து நிற்பதால், நான்காவது பக்கம் ஒரு கரையைப் போட்டவுடன் தண்ணீர் விரிந்து ஏரி போலவே கிடக்கிறது. சுற்றுலாப் பட்டியல் எழுதியவர் கரையை முதுகுக்குப் பின்னால் விட்டு, மலையைப் பார்த்தபடி நின்றிருக்க வேண்டும். அந்தக் கோணத்தில் அது இயற்கை ஏரிதான். திரும்பி நின்றால் மதகு தெரியும்.

இதில் ஏமாற ஒன்றுமில்லை. இதே பழனி மலைத்தொடரின் உச்சியில் எல்லோரும் படகு விடுகிற கொடைக்கானல் ஏரியும் 1863இல் கரை போட்டுத் தேக்கியதுதான். மதுரையில் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் செய்த வேலை. அது உல்லாசத்துக்கு, இது தாகத்துக்கு. பழனி மலையின் மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை, இரண்டுக்கும் இயற்கை என்று பெயர்.

கூடாரத்தின் கதை முதல் நாள் மாலையிலேயே முடிந்துவிட்டது. மருமகன் தட்டையான இடம் பார்த்துப் பையை இறக்கியதும் அதே பெரியவர் வந்தார். "தம்பி, ராத்திரி இங்க தங்கக் கூடாது. இது குடிக்கிற தண்ணி. அதுவும்போக மேல காடு. காட்டுமாடு தண்ணிக்கு இறங்கும். ஆனை வர்ற வருசமும் உண்டு. அது வந்து உங்ககிட்ட டிக்கெட்டா கேக்கும்?" அவனுக்கு முகம் தொங்கிப் போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்; மண்தரையில் படுக்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. செம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி, விடிவதற்கு முன் மறுபடி வந்தோம்.

அந்த விடியலைச் சொல்ல வேண்டும். மலை முதலில் கறுப்பாக, பிறகு நீலமாக, பிறகுதான் மலையாகத் தெரிந்தது. மஞ்சள் மூக்கு நாரைகள் பத்துப் பன்னிரண்டு, முழங்கால் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து முக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரிவாள் வீசுவதுபோல் வீசிக்கொண்டே நடந்தன. மீன் அலகில் தட்டினால் மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. சேற்று ஓரத்தில் அரிவாள் மூக்கன்கள். பட்டமரக் கிளையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாம் நினைத்த இடத்தில் அல்லாமல் வேறெங்கோ எழுந்தது. நடு நீரில் லாரி டியூபில் உட்கார்ந்து ஒருவர் வலை எடுத்தார். ஆள்காட்டி மட்டும் எங்களைக் கண்டு கத்தி, எல்லோருக்கும் தகவல் சொல்லிவிட்டது.

பெரியவர் அன்று சொன்ன ஒரு விஷயம் நான் எந்தப் புத்தகத்திலும் தேடிப் போகாதது. "டேமு நெறஞ்சு மறுகால் போனா திண்டுக்கல்லுக்குச் சந்தோசம். இந்தக் கொக்கு நாரைக்குச் சந்தோசம் இல்ல. தண்ணி வத்தணும், சேறு தெரியணும். அப்பத்தான் எறங்கும்." யோசித்துப் பார்த்தால் சரிதான். நீண்ட காலாக இருந்தாலும் நாரை நிற்க ஆழம் குறைந்த ஓரம் வேண்டும். அணை நிரம்பிய மாதங்களில் தண்ணீர் நேராக மலைச்சரிவையும் கரைக்கல்லையும் முட்டி நிற்கிறது, நிற்க இடமில்லை. நகரம் குடித்துக் குடித்து மட்டத்தை இறக்கும்போதுதான் பறவைக்குப் பந்தி விரிகிறது. நாங்கள் குழாயைத் திறப்பதும் நாரை இறங்குவதும் ஒரே கணக்கில் வரும் என்று நான் நினைத்ததில்லை.

சரி, இத்தனை பறவை வருகிற இடத்துக்கு ஏதாவது பாதுகாப்புப் பெயர் உண்டா என்று தேடினேன். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, மனிதன் கட்டிய நீர்நிலையையும் ஈரநிலமாகவே எடுத்துக்கொள்கிறது. இந்தியா அதில் 1982இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் தலங்கள்; வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூன்றுமே பாசனத்துக்காக நம் முன்னோர் கரை போட்டவை. ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளைப் படித்தால், குடிநீருக்கென்றே கட்டிய நீர்நிலைகளும் பாசனத்துக்கென்றே கட்டியவையும் ஈரநிலம் என்ற சொல்லுக்குள்ளேயே வராது. ஆக ஆத்தூர் அணை நாரைக்கு ஈரநிலம், ராம்சருக்கு ஈரநிலம், அந்த விதிகளுக்கு மட்டும் தொட்டி. எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. கட்டியவன் நோக்கம் எதுவாக இருந்தாலும், தண்ணீர் தேங்கிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தானே பார்க்க வேண்டும்? மேலே மலைக்காடுகள் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகப் பெயர் பெற்றன, 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அந்த மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் கீழே வந்து தேங்கியதும் அதற்குப் பெயர் மாறிவிடுகிறது.

மூன்றாம் நாள் தண்ணீர் வருகிற வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். சித்தரேவு வழியாக மலைச்சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் மருமகன் வாந்தி எடுத்தான். பைனாகுலரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டது நான். பெரும்பாறை தாண்டிப் புல்லாவெளி. கீழே பாறை இடுக்கில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்ததுதான் ஆத்தூர் அணைக்கு வந்து சேர்கிற குடகனாறு. அருவியை எட்ட நின்று பார்ப்பதே நல்லது. வழுக்குப்பாறையில் நின்று படம் எடுக்கப்போய் உயிர் விட்டவர்கள் உண்டு.

ஆனால் இதுவும் தொடக்கம் இல்லை. அருவிக்கு மேலே ஓடை, ஓடைக்கு மேலே காப்பித் தோட்டம், அங்கங்கே ஈரமாகக் கசிகிற நிலம். அங்கே ஆற்றின் தலை என்று கை நீட்டிக் காட்ட ஓர் இடம் கிடையாது. பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் போட, மரத்தில் மிளகுக்கொடி ஏற, அடியில் காப்பியும் மலைவாழையும். கீழ்ப்பழனி மலையின் விவசாயம் இந்த நிழலில்தான் நடக்கிறது. இந்த மலைக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாத மழையைச் சருகும் வேரும் பிடித்து வைத்துக்கொண்டு மெள்ள மெள்ள விடுவதால்தான் தை மாதத்திலும் ஓடை ஓடுகிறது. தோட்டத்தில் வேலை பார்த்த அம்மா ஒருவர், "நெழல் மரத்த எடுத்தா காப்பி போகும்ன்றாங்க. காப்பி போறது அப்புறம். மொதல்ல ஊத்துதான் போகும்," என்றார்.

அந்த மலையில் நின்றால் இன்னொன்றும் விளங்குகிறது. தெற்கே சரியும் தண்ணீர் மருதாநதியாகி வைகைக்குப் போகிறது. ஆத்தூர்ப் பக்கம் சரிவது குடகனாறாகி, வடக்கே திண்டுக்கல், வேடசந்தூர் வழியாக அமராவதியில் விழுந்து, காவிரியில் கலக்கிறது. ஒரு மேட்டின் இந்தப் பக்கம் விழுந்த துளி மதுரைக்கு, அந்தப் பக்கம் விழுந்தது கரூருக்கு.

ஆற்றின் பெயரையும் தேடினேன். பழைய ஆங்கில ஆவணங்களில் கொடவனாறு என்று இருக்கிறது. இப்போது குடகனாறு, கொடகனாறு என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். குடக்கு என்றால் பழந்தமிழில் மேற்கு. சமவெளியில் நிற்கிறவனுக்கு இது மேற்கே மலையிலிருந்து வருகிற ஆறு. மேற்காறு என்பதுதான் மூலப்பொருள் என்பது என் ஊகம். யாராவது கல்வெட்டைக் காட்டி மறுத்தால் ஒப்புக்கொள்வேன். ஆத்தூருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆற்று ஊர், ஆத்தூர்.

இந்தத் தண்ணீருக்குச் சண்டையும் குறைவில்லை. ராஜவாய்க்கால் என்ற கால்வாயின் பாசனம் ஒரு பக்கம், ஆற்றோட்டத்தை நம்பிய ஊர்கள் ஒரு பக்கம். யாருக்கு எவ்வளவு என்ற தகராறு போராட்டம், அரசுக் குழு என்று போனது. திண்டுக்கல்லைத் தாண்டும்போது தோல் ஆலைகளின் அழுக்கையும் ஆறு சுமந்தது. அதற்கும் கீழே அழகாபுரியில் ஒரு குடகனாறு அணை. 1977 நவம்பர் புயல் மழையில் மின்சாரம் நின்று ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியாமல், வெள்ளம் கரை மேலேயே ஏறி வழிந்து, மண்ணணை பல இடங்களில் பிய்த்துக்கொண்டது. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். மாடு முழங்கால் நனையக் கடக்கிற ஆறு செய்த வேலை அது.

மருமகன் கூடாரத்தைப் பிரிக்காமலே சென்னைக்கு எடுத்துப் போனான். அவன் குறிப்பேட்டில் 34 பறவைகள். அதில் இரண்டு எனக்குச் சந்தேகம்.

நீங்களும் போவதானால் மாசிக்குப் பிறகு, மட்டம் இறங்கியதும் போங்கள். விடிவதற்கு முன் கரைக்குப் போய் உட்காருங்கள். ராத்திரி செம்பட்டியிலோ திண்டுக்கல்லிலோ தங்கிக்கொள்ளலாம். பாட்டுப்பெட்டியும் பிளாஸ்டிக் தட்டும் வேண்டாம். சாப்பிட்ட பாத்திரத்தை அங்கே கழுவாதீர்கள். கழுவினால் எங்கள் அம்மா ஒரு மடக்கிலேயே சொல்லிவிடுவார்.