அடுப்பு மூட்டாத காலை உணவு

எமது தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரிலே இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றி எழுதாது, காலை உணவைப் பற்றி எழுத முற்பட்டமை வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பறையினுள் நுழையும் ஆசிரியர், கொப்பிகளைப் பார்க்குமுன் முகங்களைப் பார்க்கின்றார். உண்டு வந்த பிள்ளையின் முகமும் உண்ணாது வந்த பிள்ளையின் முகமும் ஒன்றாக இரா. தாயகத்திலே சில ஆண்டுகளும், அகதியாக வந்து சேர்ந்த இந்தச் சுவிற்சர்லாந்திலே பல ஆண்டுகளும் கரும்பலகையின் முன் நின்ற அனுபவத்தினால் இதனைக் கூறுகின்றோம்.

கடந்த மாரிகாலத்தில் ஒருநாள், நன்கு வாசிக்கும் மாணவி ஒருத்தி சொல்வதெழுதலின் நடுவே பேனாவை வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தாள். அருகிற் சென்று வினவினோம்.

“என்ன சாப்பிட்டு வந்தனீர்?”

“ஒண்டும் இல்லை, சேர். அம்மா இரவு வேலையால வந்து நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை.”

பதினொரு வயதுப் பிள்ளையின் அந்த மறுமொழியில் தாயின் மீதுள்ள பாசமும் இருந்தது, பசியும் இருந்தது. உணவகச் சமையலறைகளிலும், முதியோர் இல்லங்களிலும், அலுவலகத் துப்புரவுப் பணிகளிலும் நள்ளிரவு வரை உழைக்கும் எம்மவர் வீடுகளில், வெள்ளி இரவுக்குப் பின் வரும் சனி காலை இவ்வாறே விடிகின்றது. அத்தகைய காலையில் ஒரு தாய் எழுந்து மாக் குழைத்து, இடியப்பம் பிழிந்து, சொதி வைத்துக் கொடுக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று.

இதனைப் பெற்றோர் கூட்டத்திலே எடுத்துரைத்தபோது, தாயொருவர், “அடுப்பு மூட்டாமல் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது, மாஸ்ரர்?” என்று கேட்டார். அக்கேள்வியின் ஆழத்தை நாம் அறிவோம். அடுப்பு எரியாத வீடு துக்க வீடு என்பது எமது வழக்கு. சமைக்காத காலை அன்பில்லாத காலை என்ற எண்ணம் எம் அன்னையரின் நெஞ்சில் ஊறிக் கிடக்கின்றது. எனவே, சமைக்க இயலாத நாளில் எதுவும் கொடாதிருப்பதும், பிள்ளை உணவின்றிப் புறப்படுவதும், தாய் பின்னர் எழுந்து வருந்துவதும் வழமையாகிவிட்டன.

ஆனால், தீ மூட்டாத காலை உணவு எமக்குப் புதியதன்று. முதல் நாட் சோற்றுக்கு நீரூற்றி வைத்து, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துண்டவர் எம் முன்னோர். பழஞ்சோற்றை எஞ்சிய கறிகளோடு குழைத்து, உருண்டை உருண்டையாகக் கையிலே வைத்த பாட்டியாரை மறந்தவர் எவருமிலர். நனைத்த அவலுடன் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வாழைப்பழமும் சேர்த்தால் அதுவும் ஒரு காலை உணவே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் நடந்தோம். அப்போது நாம் பாடசாலை மாணவர். மறுநாட் காலை, வழியோரத்தில் எம் தாயார் மழைநீரில் அவலை நனைத்து, தேங்காயைக் கல்லில் உடைத்து, ஆளுக்கொரு சொட்டும் ஒரு பிடி அவலுமாகப் பகிர்ந்தளித்தார். அன்று அடுப்புமில்லை, வீடுமில்லை. அவ்வுணவில் அன்பு இல்லையென்று யார் கூறுவர்?

நாம் வந்து சேர்ந்த இந்நாட்டிலும் இத்தகைய உணவொன்று உண்டு. மக்ஸிமிலியன் பிர்ஹர்-பென்னர் என்ற சுவிஸ் மருத்துவர் 1900ஆம் ஆண்டளவில் தம் நோயாளருக்கு அளித்த ‘பிர்ஹர்மூஸ்லி’ இன்று உலகெங்கும் அறியப்பட்டது. மலையேறும்போது ஆயர் ஒருவரின் குடிசையிற் கிடைத்த உணவே அதற்கு வித்தாயிற்றெனக் கூறுவர். நீரில் ஊறிய ஒரு கரண்டி ஓற்ஸ், எலுமிச்சஞ்சாறு, ஒரு கரண்டி ரின்பால், தோலோடு துருவிய அப்பிள், பொடித்த பருப்பு வகை ஆகியவையே அவரது கலவை. அதில் முதன்மை பெற்றது ஓற்ஸ் அன்று, அப்பிளே. எமது அவலுக்கும் அவரது ஓற்ஸுக்கும் உறவு நெருங்கியது. இரண்டும் தானியத்தைப் பதப்படுத்தித் தட்டையாக்கியவை; இரண்டும் நனைத்தால் மெதுமையாகுபவை.

இவ்வுணவு நண்பகல் வரை பசி தாங்க வேண்டுமாயின், அதனோடு கொற்றேஜ் சீஸ் சேர்ப்பது நன்று. இங்குள்ள கடைகளில் ‘ஹூற்றன்கேஸ’ என்ற பெயரில் விற்கப்படுவது இதுவே. கொழுப்பு நீக்கிய பாலைத் திரையச் செய்து, திரளைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீரை வடித்துக் கழுவி, சிறிது பாலாடையும் உப்பும் சேர்த்து இதனைச் செய்கின்றனர். 100 கிராமில் ஏறக்குறைய 11 முதல் 12 கிராம் வரை புரதம் உண்டு. இரண்டு கோழிமுட்டைகளில் உள்ள அளவுக்கு அது நிகரானது. சைவ உணவு உண்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாலைத் திரையச் செய்ய ஜேர்மன் மொழியில் ‘லாப்’ எனப்படும் பொருளைச் சேர்ப்பதுண்டு. அது கன்றின் இரைப்பையிலிருந்தும் பெறப்படலாம், நுண்ணுயிரிலிருந்தும் பெறப்படலாம். ‘மிக்ரோபியெல்’ என்ற சொல் அதனுடன் இருப்பின் அது நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது. வாங்குமுன் பெட்டியின் எழுத்துகளை வாசித்துப் பார்த்தல் நலம்.

இனிச் செய்முறை. ஒருவருக்கான அளவு இது. இரவு படுக்கைக்குச் செல்லுமுன் மூன்று மேசைக்கரண்டி ஓற்ஸை அரைக் கோப்பைப் பாலில் ஊறவைத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்குக. காலையில் ஓர் அப்பிளைக் கழுவித் தோலோடு துருவி, உடனே சில துளி எலுமிச்சஞ்சாறு பிழிக. பிழியாவிடின் அப்பிள் காற்றுப்பட்டுப் பழுப்பு நிறமாகும். ஊறிய ஓற்ஸுடன் அப்பிளையும் 100 கிராம் கொற்றேஜ் சீஸையும் கலந்து, மேலே கனிந்த வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து அடுக்குக. பழம் நன்கு கனிந்திருப்பின் சீனி வேண்டியதில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் ஸ்ரோபெரியும், கோடையில் செர்ரியும் மலிவாகக் கிடைக்கும். இனிப்பை விரும்பாத பேரனார் வீட்டிலிருப்பின், அவருக்குக் கொற்றேஜ் சீஸுடன் வெங்காயமும் வெள்ளரிக்காயும் பச்சை மிளகாயும் மிளகுதூளும் கலந்து பாணுடன் கொடுக்கலாம். தயிர்ச் சம்பல் உண்டவர் அதனை மறுக்கமாட்டார்.

சில எச்சரிக்கைகளும் உள. பச்சை அன்னாசி, கிவி, பப்பாசி ஆகியவற்றைக் கலந்து நெடுநேரம் வைத்தால் கைக்கும். அவற்றிலுள்ள நொதியங்கள் பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். இறைச்சி மெதுமையாக வேகப் பப்பாசிக்காய் சேர்க்கும் எம்மவருக்கு இது எளிதில் விளங்கும். இப்பழங்களை உண்ணும் வேளையிலேயே சேர்த்துக்கொள்க. ஒரு வயது நிரம்பாக் குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. சிறு பிள்ளைகளுக்குக் கச்சான், கஜு முதலியவற்றை முழுதாகக் கொடாது பொடித்தே கொடுத்தல் வேண்டும். ஒவ்வாமை உள்ளோர் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

இதனை நாம் வகுப்பிலும் செய்து பார்த்தோம். தன்வினை, பிறவினை எனப் பலமுறை விளக்கியும் பிடிபடாதிருந்த பாடம் அன்று பிடிபட்டது. ஓற்ஸ் ஊறியது, நாம் ஊறவைத்தோம். அப்பிள் உருண்டது, அதனை உருட்டிய மாணவன் யாரென்று வகுப்பே கைகாட்டிற்று. துருவுதல், பிழிதல், அரிதல், தூவுதல் என்று, இப்பிள்ளைகள் அதுவரை ஏட்டிலும் எழுதியிராத வினைச்சொற்கள் அவர்கள் கைகளுக்கு வந்தன. வீட்டு மொழி வாழ்வது வீட்டு வேலைகளில் என்பதை அன்று மீண்டும் உணர்ந்தோம்.

அன்புள்ள பெற்றோரே! பொங்கலும் புட்டும் இடியப்பமும் எம் பண்பாட்டுச் செல்வங்கள். ஓய்வுள்ள ஞாயிறுகளில் அவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து சமையுங்கள். களைத்துறங்கும் சனி காலையில் அடுப்பு எரியாததற்காக நாணவேண்டாம். உங்கள் உழைப்பிலேதான் அந்தப் பாலும் பழமும் வீட்டுக்கு வருகின்றன. வெள்ளி மாலை ஒரு பெட்டி கொற்றேஜ் சீஸும் நான்கு பழங்களும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சியதைப் பிள்ளை செய்யும்.

அன்புள்ள மாணவச் செல்வங்களே! அடுத்த வெள்ளி இரவு இரண்டு கோப்பைகளில் ஓற்ஸ் ஊறவையுங்கள். ஒன்றை நீங்கள் உண்டு, நேரத்தோடு வகுப்புக்கு வாருங்கள். மற்றையதில் கொற்றேஜ் சீஸைக் கலந்து, மூடி வைத்து, “அம்மா, பழத்தை அரிந்து போட்டுச் சாப்பிடுங்கோ” என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள். எழுத்துப் பிழையின்றி எழுதுங்கள். அம்மா அதனை எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பார்.