ஓட்டுறதா, மூடி வைக்கிறதா?

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கிடையவே கிடையாது. உள்ளே ரெண்டு கட்சி இருக்கிறது. "வண்டின்னா ஓடணும்யா" என்பது ஒரு கட்சி. "ஒரிஜினலா இருக்கிற வண்டியைத் தொடாதே, அப்படியே வை" என்பது எதிர்க்கட்சி. ரெண்டு கட்சியிலும் ஆளுக்கொருத்தரைப் பிடித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தால் போதும். அன்றைக்குப் பொழுது போன மாதிரிதான்.

ரெஸ்டோர் செய்த வண்டிக்கு இந்தச் சண்டை இல்லை. புதுசாக பெயிண்ட் அடித்து, சீட் தைத்து, பளபளவென்று நிற்கிற வண்டியில் கீறல் விழுந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். பணம்தான் செலவு. சண்டை எல்லாம் ஃபேக்டரியில் அடித்த பெயிண்ட், அங்கே தைத்த சீட், அங்கே முடுக்கின போல்ட் அப்படியே இருக்கும் வண்டிக்குத்தான். எந்த வண்டியும் ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்க முடியும். போனால் போனதுதான்.

இந்தச் சண்டை என் தலையில் வந்து விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெரியப்பா 1966ல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். ரெண்டு கதவு, வெளிர் சாம்பல் நிறம், மெட்ராஸ் ஸ்டேட் காலத்து எம்.எஸ். நம்பர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஹெரால்டு என்றால் தெரியாது, அதனால் ஒரு சின்ன முன்னுரை. இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலாட்டி. 1961ல் இருந்து நம்ம வண்டலூர் ஃபேக்டரியில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். ஆமாம், நம்ம மெட்ராஸ் கார்! 948 சிசி இன்ஜின். பானெட்டை மட்டும் தூக்க முடியாது, மட்கார்டு, ஹெட்லைட்டோடு மூஞ்சி முழுசும் முன்பக்கமாகக் கவிழும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், லண்டன் டாக்சி மாதிரி. மயிலாப்பூர் சந்துகளுக்கென்றே செய்தது போல இருக்கும்.

பெரியப்பா 2019ல் காலமானார். வண்டி அண்ணன் பெயருக்கு மாறியது. அண்ணன் பெங்களூரில், வண்டி குரோம்பேட்டையில் எங்கள் ஷெட்டில். அதாவது ஆர்.சி. அவரிடம், சாவி என்னிடம். குழப்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

வண்டி அப்படியே இருக்கிறது. மீட்டர் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. கதவுக்கு உள்பக்கம் இருக்கிற ரெக்ஸின், தையல் எல்லாம் ஃபேக்டரியில் வந்தது. டிரைவர் கதவு விளிம்பில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து அடியில் இருக்கும் ப்ரைமர் தெரியும். ஐம்பது வருஷம் பெரியப்பா கை வைத்துச் சாத்திய இடம். பழைய கார் சேகரிக்கிற ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, "சார், இனிமே இதை ஓட்டாதீங்க. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பு குறையும்" என்றார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "டேய், கவர் போட்டு மூடி வை. ஜாக்கி மேல தூக்கி நிறுத்து. அப்பா ஞாபகமா அது ஒண்ணுதான்டா இருக்கு" என்று போனில் சொன்னார்.

பெரியம்மாவுக்கு 84 வயது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏன்டா, ஒரு நாள் என்னை அதுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

இப்போ சொல்லுங்க, யார் பக்கம் நிற்பது?

முதலில் எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயம் செய்துவிடுவோம். ஒரிஜினல் வண்டி ஒரு ஆவணம். கல்வெட்டு மாதிரி. அமெரிக்காவில் பெபிள் பீச் என்ற இடத்தில் நடக்கும் பெரிய கார் போட்டியில் ரொம்ப காலம் கண்ணாடி போல ரெஸ்டோர் செய்த வண்டிகளுக்குத்தான் மரியாதை. 2001ல்தான் கை வைக்காத வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். ஏன்? ஃபேக்டரியில் நிஜமாக எப்படிச் செய்தார்கள் என்பதை இந்த வண்டிகள் மட்டும்தான் சொல்லும். ரெஸ்டோர் செய்தவை, செய்தவர் என்ன நினைத்தார் என்பதைத்தான் சொல்லும். போன வருஷம் ஹெரால்டு ரெஸ்டோர் செய்கிற ஒருவர் மதுரையில் இருந்து வந்து, எங்கள் வண்டியின் கதவுத் தையலை மட்டும் அரை மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணினார்! இந்த வண்டியும் தையல் பிரித்துப் புதுசாகத் தைத்ததாக இருந்தால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

சட்டமும் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிக்கென்று தனிப் பகுதி சேர்த்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிகிறவர்களுக்கு நடுவில் வி.ஏ. என்று வரும் தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு கொக்கி. இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இந்த மாதிரிக் காரணங்களுக்குத்தான் வெளியே வரலாம். பெரியம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவது இந்தப் பட்டியலில் இல்லை.

அண்ணன் அந்தப் பதிவுக்குப் போகலாம் என்றார். நான் நம்ம மெக்கானிக் பாயிடம் போனேன். நாற்பது வருஷமாக இந்த வண்டியின் அடியில் படுத்து எழுந்தவர். அவர் சொன்னது: "தம்பி, ஓடித் தேயுற வண்டிக்கு நான் வைத்தியம் பாத்துருவேன். நின்னு கெட்ட வண்டிக்குத்தான் என்கிட்ட மருந்து இல்ல."

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அவர் சொல்வது முழுக்கச் சரி. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நிற்கிற வண்டியில் அந்த ஈரம் வீல் சிலிண்டரை அரித்து, பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களை ஊற வைத்துக் கெடுக்கும். இதற்கு மேல் எலி வேறு! வயர் ஹார்னஸ் என்றால் அதற்குத் தனி ருசி.

"அதான் வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடறோமே" என்பார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலிலும் தங்கி, உள்ளுக்குள்ளேயே துருவேற்றும். ஒன்று, முறையாக ஆயில் எல்லாம் மாற்றி, டேங்கைக் காலி செய்து, மியூசியத்தில் வைப்பது போல வைக்க வேண்டும். இல்லை, இருபது முப்பது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். நடுவில் நின்றுகொண்டு செய்கிற எதுவும் வண்டிக்கு நல்லதில்லை. கடற்கரை ஊரில், மழைக்காலத்தில், குரோம்பேட்டை ஷெட்டில் மியூசியம் நடத்த என்னால் ஆகாது.

அப்போ ஓட்டுற கட்சி ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீங்க. ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். சீட் பெல்ட் கிடையாது. பின் சஸ்பென்ஷன் ஒரு மாதிரி, வளைவில் வேகமாகப் போனால் சக்கரம் உள்ளே மடங்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டினால், பின்னால் வருகிற வேன் ஒரே நொடியில் அறுபது வருஷத்து ஒரிஜினலை அழித்துவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ரொம்ப நாள் யோசித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. காரில் இருக்கிற சாமான்களை ரெண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, தேய்வதற்கென்றே செய்தவை. டயர், பிரேக் லைனிங், ஹோஸ், ஃபேன் பெல்ட், பிளக், ரப்பர் வாஷர். 1966லேயே இவற்றை மாற்றத்தான் வேண்டும் என்று தெரிந்துதான் செய்தார்கள். இன்னொன்று, சாட்சி சொல்கிறவை. பெயிண்ட், சீட், கதவுத் தையல், டேஷ்போர்டு, கண்ணாடி, கதவு விளிம்பில் தேய்ந்த அந்த இடம். இவற்றுக்கு மாற்று கிடையாது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிதானமாக ஓட்டுவதால் செலவாவது பெரும்பாலும் முதல் வகை. ரெண்டாவது வகையைக் கெடுப்பது ஓட்டம் இல்லை. வெயில், மழை, எலி, நெருக்கிப் பார்க் பண்ணுகிற ஆட்கள், ஆசையாகச் சாய்ந்து செல்ஃபி எடுக்கும்போது பெல்ட் பக்கிளால் கோடு போடுகிற சொந்தக்காரர்கள். ஆக, "ஓட்டலாமா கூடாதா" என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். எங்கே, எப்போ, எப்படி என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் இதை எப்பவோ புரிந்துகொண்டார்கள். வருஷா வருஷம் நவம்பரில் லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு ஒரு ஓட்டம். 1896ல் வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதைக் கொண்டாடி நடந்த முதல் ஓட்டத்தின் நினைவாக நடக்கிறது. 1905க்கு முன்னால் செய்த வண்டிகள்தான் கலந்துகொள்ளலாம். நூற்று இருபது வருஷத்துக் கிழங்கள் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர் குளிரிலும் மழையிலும் போகின்றன. யாரும் அவற்றைக் கெடுத்துவிட்டதாகச் சொல்வதில்லை. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா வெளியிட்ட டூரின் சாசனமும் ஓட்டுவதைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறது.

இன்னொரு விஷயம். பாய்க்குக் கார்புரேட்டரைக் காதால் ட்யூன் பண்ணத் தெரியும். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அவர் பையன் இப்போது கூட நிற்கிறான். வண்டி கவருக்குள் போய்விட்டால் அவன் எதைக் கேட்டுக் கற்றுக்கொள்வான்? பெயிண்ட் ஒரிஜினலாக இருந்து, அதை ஓட வைக்கத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை என்றால், அதுவும் ஒரு நஷ்டம்தானே.

இதையெல்லாம் அண்ணனிடம் எழுதியே அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் வந்து, பாய் பட்டறையில் உட்கார்ந்து மூணு பேரும் பேசி ஒரு ஒப்பந்தம் போட்டோம்.

மாதம் ரெண்டு ஞாயிறு, காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் ஷெட்டுக்குத் திரும்பி விட வேண்டும். மழை வந்தால் கிடையாது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கிடையாது. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகம். பழைய டயர்களில் பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் வயசாகிவிட்டது, அதனால் ஓட்டுவதற்குப் புது டயர். கழற்றுகிற ஒவ்வொரு பழைய சாமானும் தேதி எழுதிப் பெட்டிக்குள் போகும், ஒன்றுகூடக் காயலான் கடைக்குப் போகாது. சாட்சிச் சாமான் எதிலும் கை வைக்கக் கூடாது. கதவு விளிம்பில் டச்சப் கூடவே கூடாது. வி.ஏ. பதிவு இப்போதைக்கு வேண்டாம். பெரியம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று அண்ணனே சொன்னார்.

முதல் ஞாயிறு பெரியம்மாவைத் திருநீர்மலைக்குக் கூட்டிப் போனோம். முன் சீட்டில் உட்கார்ந்ததும் அவர் கை தானாகக் கண்ணாடி இறக்குகிற கைப்பிடிக்குப் போனது. தேட வேண்டியிருக்கவில்லை. மூணாவது கியருக்கு மாற்றும்போது வருகிற அந்த முனகலைக் கேட்டுவிட்டு, "அவர் போடறப்பவும் இப்படித்தான் கத்தும்" என்று சிரித்தார். பின் சீட்டில் இருந்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

அந்த முனகலை எந்த மியூசியத்தில் வைத்துக் காப்பாற்றுவது? அதுவும் ஒரிஜினல்தான், வண்டி ஓடினால் மட்டும் கேட்கிற ஒரிஜினல். உங்கள் வீட்டு ஷெட்டிலும் இப்படி ஒரு வண்டி கவருக்குள் இருந்தால், பெயிண்டைத் தொடாதீங்க, சீட்டைத் தொடாதீங்க. பிரேக்கை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, ஒரு ஞாயிறு காலை வெளியே எடுங்க. அந்த வண்டியோடு வாழ்ந்தவர் யாராவது இன்னும் வீட்டில் இருந்தால், கொஞ்சம் சீக்கிரமே எடுங்க.