வில்லையின் மறுபக்கம்

நுழையும்முன்

நாணயம், அஞ்சல்தலை, பழைய படைவில்லை என எதைச் சேகரிப்பவராயினும் அவர்முன் எழும் முதல் வினா, ‘இது மெய்யா, போலியா?’ என்பதே. முதல் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியப் படைவில்லைகளைச் சேகரிப்போர் அவ்வினாவுக்கு விடை காணும் முறையையும், அவ்விடையோடு ஒரு மனிதரின் பெயரும் பிணைந்திருப்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தை ஒன்றில் ஒருவர் பழைய படைவில்லையைக் கையில் எடுக்கிறார் எனக் கொள்க. அவர் இத்துறைக்குப் புதியவராயின் அதன் முகப்பையே பார்ப்பார். அதில் பொறித்துள்ள கிரீடத்திலும் படைப்பிரிவின் பெயரிலும் மனம் பறிகொடுப்பார். பல்லாண்டுப் பழக்கம் உடையவரோ வில்லையை உடனே திருப்பிப் பார்ப்பார். போலி செய்பவர் தம் திறமை முழுவதையும் முகப்பிலேயே காட்டுவார். செய்த முறையைக் காட்டிக்கொடுப்பது பின்புறம்.

கண்ணும் கையும்

பிரித்தானியப் படைவீரர் தொப்பியில் அணிந்த உலோக வில்லைகள் பெரும்பாலும் அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டவை. தகட்டை எஃகு அச்சுகளுக்கு இடையே வைத்து அழுத்துவதால், முன்புறத்தில் மேடாக இருப்பது பின்புறத்தில் பள்ளமாகத் தெரியும். போலிகளுள் பல அவ்வாறு செய்யப்படுவதில்லை. மெய்யான வில்லை ஒன்றிலிருந்து வார்ப்பச்சு எடுத்து, அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றிவிடுகின்றனர். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். ஆதலால் வார்ப்புப் போலி மூலத்தைவிடச் சற்றே சிறிதாக இருக்கும். கோடுகள் கூர்மை இழந்திருக்கும். பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் தென்படும்.

தேய்மானமும் ஒரு சான்று. வீரர் நாள்தோறும் துணியால் துலக்கிய வில்லையில் மேடான பகுதிகளே தேயும். பள்ளங்கள் பழைய கூர்மையோடு இருக்கும். வேதிப்பொருளில் தோய்த்துப் பழமை ஏற்றிய வில்லையிலோ மேடும் பள்ளமும் ஒன்றுபோல் கறுத்திருக்கும்.

ஆயினும் வேறுபட்டதெல்லாம் போலியன்று. பித்தளையும் வெள்ளை உலோகமும் சேர்த்துச் செய்யப்பட்டுவந்த வில்லைகள் பல, 1916 ஆம் ஆண்டில் சிக்கனம் கருதி முழுதும் பித்தளையிலேயே செய்யப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது நெகிழியாலும் வில்லைகள் செய்யப்பட்டன. வரலாறு அறியாதவர் இவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடுவர். பழைய அச்சைக் கொண்டே பிற்காலத்தில் அழுத்தப்பட்ட வில்லைகளும் உள்ளன. அவற்றை எவ்வாறு மதிப்பது என்பதில் வல்லுநரும் கருத்து வேறுபடுவர்.

இகழ்ச்சிக்கு எதிரான சான்று

இவ்வில்லைகளுள் தனித்தன்மை உடையது வெள்ளிப் போர் வில்லை. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் கடற்படைத் தலைவர் பெண்கள் 30 பேரைக் கொண்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சீருடையின்றித் தெருவில் செல்லும் இளைஞருக்கு அவர்கள் வெள்ளை இறகு ஒன்றைக் கொடுப்பர். ‘நீ கோழை’ என்பதே அதன் பொருள். இவ்வழக்கம் விரைவில் பிற ஊர்களுக்கும் பரவியது. போர்முனையில் காயமுற்றோ நோயுற்றோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, எளிய உடையில் வீடு திரும்பியவர்களும் இவ்விகழ்ச்சிக்கு ஆளாயினர். உடைக்குள் மறைந்திருக்கும் காயத்தைத் தெருவில் எவரும் அறியார்.

இந்நிலையில், 1916 செப்டம்பரில் பிரித்தானிய அரசு வெள்ளிப் போர் வில்லையை ஏற்படுத்தியது. வட்டமான அவ்வில்லையின் நடுவே மன்னரின் எழுத்துச் சின்னமும், விளிம்பில் ‘மன்னருக்காகவும் பேரரசுக்காகவும் பணி ஆற்றியவர்’ என்னும் பொருள்படும் சொற்களும் அமைந்தன. எளிய உடையின் வலப்பக்க மார்பில் அதனை அணிய வேண்டும். 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகள் வழங்கப்பட்டன. பின்புறத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டது.

எண்ணும் ஏடும்

அவ்வெண்ணுக்குரிய பதிவேடுகள் இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வீரரின் பெயர், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், விடுவிப்புக்கான காரணம் ஆகியவற்றை அவற்றில் காணலாம். 1940 ஆம் ஆண்டு செருமானிய வான்தாக்குதலில் முதல் உலகப்போர் வீரர்களின் பணிப்பதிவுகளுள் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. எனவே, சில வீரர்களைப் பற்றி எஞ்சியுள்ள மிகச்சில குறிப்புகளுள் வில்லைப் பதிவேடும் ஒன்று.

எனினும், எண் ஏட்டோடு பொருந்துவதாலேயே வில்லை மெய்யாகிவிடாது. மெய்யான வில்லையிலிருந்து வார்ப்பு எடுக்கும்போது அதன் எண்ணும் உடன் வந்துவிடும். ஏட்டில் அவ்வெண்ணுக்கு உரியவர் இருப்பார். கையிலுள்ள பொருளோ அவர் அணிந்ததாக இராது. ஆதலால் பொருளை ஆராய்ந்த பின்னரே ஏட்டைப் புரட்ட வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குத் துணையேயன்றி மாற்றாகாது. ‘பொருளை வாங்குக, கதையை வாங்கற்க’ என்பது சேகரிப்போர் வழக்கு. பாட்டனார் வீரச்செயல் பற்றி விற்பவர் கூறும் கதை எத்துணை உருக்கமாயினும் உலோகத்தின் தன்மையை அது மாற்றிவிடாது.

நேர்மையின் உரைகல்

சேகரிப்பவருக்கு வரும் கடுஞ்சோதனை சந்தையில் நிகழ்வதன்று. அவர் இல்லத்திலேயே நிகழ்வது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பல்லாண்டு போற்றிய வில்லை போலி என ஒருநாள் தெரியவருகிறது. அதை உடனே ஒப்புக்கொள்ள மனம் இடந்தராது. ‘ஒருவேளை மெய்யாக இருக்கலாம்’ என்று தனக்குத்தானே வழக்காடும். வாய்மூடி மற்றொருவருக்கு விற்றுவிட்டால் இழந்த பொருளை மீட்கலாம் என்றும் தோன்றும். அவ்வாறு விற்பவர், போலி செய்தவரின் வேலையைத் தாமே தொடர்கிறார். ‘இது படி’ என எழுதி வைப்பவரோ பொருளை இழக்கிறார். அடுத்தவர் ஏமாறாமல் காக்கிறார். ஐயத்துக்கு இடமானதை ஐயத்துக்கு உரியது என்றே கூறுவதும் அந்நேர்மையின் பாற்பட்டதே.

போலியால் பொருளிழப்பவர் வாங்கியவர். பெயரிழப்பவர் அவ்வெண்ணுக்கு உரிய வீரர். தாம் கோழையல்லர் எனத் தெருவாருக்குக் காட்டுவதற்காக அவர் நெஞ்சில் அணிந்திருந்த ஒரே சான்று அவ்வில்லை. அதனைத் திருப்பி எண்ணைப் படிப்பவர் கையில் வெள்ளியின் விலையோடு அம்மனிதரின் மானமும் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

முதல் உலகப்போரில் உயிர்நீத்தோர் குடும்பத்தாருக்குப் பிரித்தானிய அரசு ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுள்ள வெண்கல நினைவுத்தகட்டை வழங்கியது. 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் செய்யப்பட்டன. உயிரீகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதால், அவற்றில் இறந்தவரின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டது, பதவி பொறிக்கப்படவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்திலுள்ள பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதைப் பற்றிய செய்திகளுள் பொருளே உணர்த்துவன எவை, பிறர் சொல்லக் கேட்டவை எவை என இரு பட்டியல்களாக எழுதுக.
2. ‘தாம் போற்றிய பொருள் போலி என அறிந்தவர் செய்யத்தக்கது யாது?’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.