அவரவர் கையெழுத்து

2019 செப்டம்பர் கடைசி வாரம். மாண்ட்ரியல் ராபர்ட்-புராசா வீதியில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கட்டடத்துக்கு எதிர் நடைபாதையில் நின்றிருந்தேன். உள்ளே அமைப்பின் 40ஆவது பேரவை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்ட ஓர் அம்மாள், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

பேரவை தொடங்குவதற்கு முந்தின நாள், 23ஆம் தேதி, இதே நகரில் மூடிய அறைக்குள் இன்னொரு கூட்டம் நடந்தது. 50க்கும் மேற்பட்ட வெளிநாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்புகள். எதிரே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் தலைவர் ஸ்டீவ் டிக்சன். பேச்சு, இரண்டு விபத்துகளுக்குப் பிறகு பறக்கத் தடை விதிக்கப்பட்டிருந்த போயிங் 737 மேக்ஸ் பற்றி. அது மறுபடி எப்போது பறக்கலாம்? அந்தந்த நாடே பார்த்து முடிவெடுக்கும் என்றார் டிக்சன்.

முதல் விபத்தில், 2018 அக்டோபரில், ஜாவா கடலில் 189 பேர் இறந்தார்கள். அதன் தலைமை விமானி நம் டில்லிக்காரர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். அதில் 18 பேர் கனடாக்காரர்கள். விமான மூக்கின் பக்கவாட்டில் சிறகு போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தகடு, காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று சொல்லும். இரண்டு விபத்திலும் அது தப்பாகச் சொன்னது. எம்.சி.ஏ.எஸ். என்ற மென்பொருள் அந்த ஒன்றையே நம்பி மூக்கைக் கீழே அழுத்தியது. விமானி தூக்கினார், அது அழுத்தியது. முதல் விமானத்தில் இந்த இழுபறி 20 முறைக்கு மேல்.

அமெரிக்கச் சான்றிதழை ஏற்றுக்கொண்டு 2017இல் கனடா இந்த விமானத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. இம்முறை தன் விமானிகளையே ஏற்றி ஓட்டிப் பார்த்தது. தப்பான எச்சரிக்கையில் கைப்பிடி தடதடவென்று அதிர்ந்தால், சர்க்யூட் பிரேக்கரை இழுத்து நிறுத்த வழி வேண்டும் என்றது. அமெரிக்கா 2020 நவம்பரில் தடையை நீக்க, கனடா 2021 ஜனவரி 20இல், இந்தியா ஆகஸ்டில். விமான நிறுவனங்களுக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். ஆனாலும் இந்தத் தாமதம் வீண் இல்லை என்பேன். முன்பே இப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

இறந்தவர்களின் குடும்பத்தார் கனடா நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள். மேக்ஸ் திரும்பப் பறப்பதைப் பற்றி மட்டும் அவர்கள் பேசவில்லை. கனடா முதலில் கொடுத்த அனுமதியையும் விசாரிக்கச் சொன்னார்கள்.